தங்கச்சி பங்குப் பால்

நம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாரும் அந்தப் பேய் வீட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஆவடியில் ஃபேக்டரி சுவரை ஒட்டிய கடைசி வரிசையில், வாசலில் வாதாமரம் நின்ற வீடு. பந்து அந்தப் பக்கம் உருண்டு போனால் போனதுதான், எடுக்கப் போக எவனுக்கும் தைரியம் கிடையாது. பட்டப்பகலிலேயே உள்ளே கொலுசுச் சத்தம் கேட்கும் என்றீர்கள். வெள்ளைப் பாவாடை கட்டிய குழந்தை ஜன்னலில் நின்று கூப்பிடும் என்றீர்கள். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தக் கதையை மறுபடி எடுத்துவிட, இத்தனை வயதுக்கு மேலும் ஆளாளுக்கு ஒரு கை மசாலா போட்டீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டேன்.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். அந்த வீடு எங்களுடையது. அந்தக் குழந்தை என் தங்கச்சி. அவள் கட்டியிருந்த பாவாடை வெள்ளை இல்லை, கிளிப்பச்சை.

நாங்கள் அங்கே ஒரு மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. பிறகு அண்ணனூரில் வாடகைக்குப் போய், சில வருஷம் கழித்து வேறு வரிசையில் வேறு வீடு கிடைத்துத் திரும்பி வந்தோம். அப்போதுதான் உங்களோடெல்லாம் பழக்கம். நான் அந்த வீட்டுப் பையன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நீங்கள் பேய்க்கதை சொல்லும்போதெல்லாம் நானும் கூட உட்கார்ந்து கேட்டேன். சில சமயம் பயந்த மாதிரி நடித்தும் இருக்கிறேன்.

மாவு என்றேனே, அது வாஃபிள் மாவு, மெஷினில் ஊற்றிச் சுடுகிற வெள்ளைக்காரப் பலகாரம். சிரிக்காதீர்கள். ஃபேக்டரியில் லேத் மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆன கை கடைசிக் காலத்தில் வாஃபிள் சுடுகிறது என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும், எனக்கே வந்தது. என் மகளும் மாப்பிள்ளையும் திருமழிசையில் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். குடிபோகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக ஒரு பிரஞ்ச் வைக்க வேண்டும் என்றாள் மகள்.

"அதென்னம்மா, காலை டிபனா, மதியச் சாப்பாடா?"

"ரெண்டுக்கும் நடுவுலப்பா. பத்து மணிக்கு மேல எல்லாரும் சேந்து உக்காந்து, பேசிக்கிட்டே மெதுவா சாப்பிடறது."

"நம்ம ஊர்ல அதுக்குப் பேரு லேட்டா எழுந்திரிக்கிறது."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த நாள் அவ்வளவு முக்கியம். என் பேத்திக்கு, நாங்கள் பாப்பா என்று கூப்பிடுகிறவளுக்கு, பாலும் முட்டையும் ஆகாது. வயிற்றைப் பிசைந்து சரியாகிவிடும் சமாச்சாரம் இல்லை. ஒரு ஸ்பூன் பாயசம் போதும், உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி எப்போதும் மகளின் கைப்பையில் இருக்கும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பாப்பாவுக்கு மூலையில் தனி டப்பா, தனி ஸ்பூன். அவள் கை வேறு ஒரு தட்டுப் பக்கம் நீண்டால் போதும், நாலு பக்கத்திலிருந்தும் "ஐயோ" என்று கத்துவோம். குழந்தை கையைச் சுட்டுக்கொண்ட மாதிரி இழுத்துக்கொள்ளும்.

"எங்க புது வீட்ல முதல் சாப்பாடு, அவ எந்தத் தட்டுல கை வெச்சாலும் யாரும் ஐயோன்னு கத்தக்கூடாதுப்பா. ஒரே ஒரு நாளாவது" என்றாள் மகள்.

அதனால்தான் பாலில்லாத, முட்டையில்லாத, நெய்கூடத் தொடாத வீகன் வாஃபிள். மெஷினை வாங்கிவிட்டாள். யார் சுடுவது என்ற பேச்சு வந்தபோது நான் சுடுகிறேன் என்றேன். சுடுதண்ணீர் வைக்கவே அலுத்துக்கொள்ளும் ஆள் என்று மகளுக்குத் தெரியும், ஆச்சரியமாகப் பார்த்தாள். இந்த ஒரு சாப்பாட்டில் எனக்கு வேறு எவர் கை மேலும் நம்பிக்கை இல்லை. ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் அம்மா. எண்பது தாண்டி, காது கூர்மையாக, கள்ளிக்குப்பத்தில் என்னோடுதான் இருக்கிறாள். என் மனைவி போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் பூவாடைக்குப் படைக்க வேண்டும் என்பாள் அம்மா. எங்கள் பக்கத்துப் பழக்கம் அது, உங்களில் பலருக்கும் இருக்கும். கன்னியாகச் செத்துப்போன வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, புதுத்துணி, பூ, பலகாரம் எல்லாம் வைத்து, அவள் வயிறு குளிர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. எங்கள் பூவாடை என் தங்கச்சி. என் கல்யாணத்துக்கு, மகள் பிறந்ததற்கு, மகள் கல்யாணத்துக்கு, வருஷா வருஷம் ஆடிக்கு என்று அவளுக்குப் படைக்காமல் ஒரு காரியமும் நடந்ததில்லை. இலைக்குப் பக்கத்தில் அவளுடைய சின்ன எவர்சில்வர் டம்ளர் இருக்கும், விளிம்பில் ஒரு நசுங்கல். ஈ விழாமல் அதன்மேல் அம்மா ஒரு தட்டு கவிழ்த்து வைப்பாள். உள்ளே பால். படையல் முடிந்ததும் அவளே கொண்டுபோய் முருங்கைமரத்தடியில் கவிழ்த்துவிட்டு வருவாள்.

அந்தப் பால்தான் என் தங்கச்சியைக் கொன்றது. எனக்கு அது புரிந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று கட்டிக்காத்துக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி இருந்த காலத்தில் நாங்கள் கள்ளிக்குப்பத்தில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். தாத்தா காலம் வரை ஊரார் கழனியில் கூலி வேலை. அப்பாதான் முதன்முதலில் காக்கிச் சட்டை போட்டு ஃபேக்டரிக்குள் போனவர். குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த வருஷம் அது. விடிந்ததும் எருமைக்காரர் எருமையை வாசலுக்கே ஓட்டி வந்துவிடுவார்.

"இன்னா நைனா, சொம்ப எடுத்துகினு வா. மாடு நிக்காது, எனக்கு இன்னும் நாலு ஊடு கீது" என்பார்.

சொம்புக்குள் பால் இறங்குகிற சர்ர் சத்தமும், நுரையும், சாணமும் வைக்கோலும் கலந்த அந்த வாசனையும் இன்னும் மனசிலேயே நிற்கின்றன. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். தங்கச்சி அதை முகர்ந்தாலே கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அவளுக்கு நாலு வயசு. மொட்டை போட்டு அப்போதுதான் முடி வளர்ந்து, தலை முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும்.

"வேணாம்மா. வாய்க்குள்ள எறும்பு ஊருது" என்பாள்.

அம்மா டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். "எங்கடி எறும்பு? ஒண்ணியும் காணமே?" என்று முந்தானையில் பாலை வடிகட்டிக் கொடுப்பாள். மறுநாளும் எறும்பு ஊரும். அம்மா சர்க்கரை டப்பாவைச் சுற்றித் தண்ணீர் கட்டினாள், பால் சொம்பைத் தண்ணீர்த் தட்டில் வைத்தாள், அடுக்களை ஓரமெல்லாம் மஞ்சள்தூள் தூவினாள். பாவம், எங்கே போய் எறும்பைப் பிடிப்பாள்? தங்கச்சி குடித்துவிட்டு வாந்தி எடுப்பாள், கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாகச் சிவக்கும், இழுப்பு வரும். கணை என்றார்கள், கண்ணேறு என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள், வேப்பிலை அரைத்துப் பூசினார்கள். "பால் குட்ச்சாதானே கொழந்த தேறும்? இன்னோரு ஆழாக்கு சேத்து ஊத்து" என்று எதிர்வீட்டு அம்மா வைத்தியம் சொன்னார். அம்மா ஊற்றினாள்.

தங்கச்சி சொன்ன எறும்பை அந்த வீட்டில் நம்பியது நான் ஒருவன்தான். காரணம் ஒன்றும் பெரிதில்லை, அவள் என்னிடம் பொய் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். டம்ளரை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போவோம். "நீ குடிண்ணா" என்று நீட்டுவாள். நான் ஒரே மூச்சில் குடித்துவிடுவேன். என் உதட்டில் ஒட்டின நுரையைத் தன் பாவாடையால் அவளே துடைத்துவிட்டு, காலி டம்ளரை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவாள். ஒரு சொட்டு மிச்சம் இருக்காது.

அந்தக் கோடையில் அவளுக்குத் தடிப்பு மறைந்தது. இழுப்பு நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. ஊரெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தாள், "பாத்தியா, இப்பதான் பாலு ஒடம்புல ஒட்டுது எம்பொண்ணுக்கு" என்று. நானும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். என் வாழ்க்கையில் அதைப்போல் ஒரு சந்தோஷமான கோடை பிறகு வரவில்லை.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்று அப்பா பூந்தி வாங்கிக்கொண்டு வந்த வாரம் மாட்டிக்கொண்டேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் அம்மா எட்டிப் பார்த்தபோது டம்ளர் என் வாயில் இருந்தது. கையில் இருந்த கரண்டியைத் திருப்பி அதன் காம்பால் முதுகில் விட்டாள் ஒரு அடி. இரும்புக் கரண்டி. தோல் கிழிந்துவிட்டது.

"சின்னக் கொழந்த வாயிலர்ந்து புடுங்கித் துன்றியே, நீ உருப்புடுவியாடா? திருட்டு நாயே!"

"அவளுக்கு எறும்பு ஊருதாம்மா."

"ஏன், ஒனக்கு மட்டும் ஊரலியா?"

தங்கச்சி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, அண்ணனை அடிக்காதே என்று கத்தினாள். பார், தன் பங்கைத் திருடினவனுக்கே பரிந்து பேசுகிறாள் என்று அம்மாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

புது வீடு எங்களுக்கு அரண்மனை. சுண்ணாம்பு வாசனை போகாத சுவர். திருகினால் தண்ணீர், தட்டினால் விளக்கு. கூடத்தில் ஜன்னலுக்குப் பதில் சிமெண்ட் ஜாளி, கட்டம் கட்டமாக ஓட்டை வைத்தது. காலை வெயில் அதன் வழியே இறங்கித் தரை முழுக்கக் கட்டம் போடும். பால் காய்ச்சுகிற அன்று தங்கச்சி புதுக் கிளிப்பச்சைப் பாவாடையும் கொலுசுமாக அந்த வெயில் கட்டங்களில் ஒற்றைக்கால் பாண்டி ஆடினாள். நீங்கள் கேட்டதாகச் சொன்ன கொலுசுச் சத்தம் அதுதான். அந்த வீட்டில் அதைக் கேட்டவன் நான்.

மஞ்சள் கொத்து கட்டின புதுப் பாத்திரத்தில் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். "நீ அவ டம்ளரத் தொட்டே, கைய ஒட்ச்சிடுவேன்" என்றாள் அம்மா. அப்பா தங்கச்சியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கோபமே படாத மனுஷர்.

"நல்ல நாளும் அதுவுமா பால வேணாம்னு சொல்லக்கூடாது கண்ணு. அப்பாவுக்காக. குடி" என்றார்.

அப்பாவுக்காகக் குடித்தாள். கடைசிச் சொட்டு வரை. இறங்கிப் போய் மறுபடியும் கட்டத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சொறிந்துகொண்டே என்னிடம் வந்து, "அண்ணா, எறும்பு" என்றாள். அதன்பிறகு அவள் பேசவில்லை. முகம் முழுக்கத் தடித்தது, உதடு வீங்கியது, நெஞ்சு குழி விழுந்து குழி விழுந்து எழுந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். "புது ஊட்டுல காத்து கீதும்மா, அதான் புடிச்சிகிச்சி" என்றார் ஒருத்தர். கற்பூரம் சுற்றினார்கள், வேப்பிலையால் வீசினார்கள். "தொண்ட அட்ச்சிகினு கீது, ஒரு வாய் பால் ஊத்து, எளகும்" என்றார் இன்னொருத்தர். அம்மா மறுபடியும் அதே டம்ளரில் பாலெடுத்து அவள் வாயில் ஊற்றினாள்.

அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ஒவ்வொரு அடிக்கும் கொலுசு சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

குழந்தை என்பதால் எரிக்கவில்லை, ஏரிக்கரை மேட்டில் புதைத்தார்கள். மறுநாள் வழக்கப்படி பால் ஊற்றினார்கள். மாமா ஊற்றினார், சித்தப்பா ஊற்றினார், அண்ணன்காரன் நீயும் ஊற்று என்று என் கையில் சொம்பைக் கொடுத்தார்கள். ஊற்றினேன். ஈரமண்ணில் வெள்ளையாகத் தேங்கி நின்றது. எங்கிருந்தோ எறும்புகள் சாரை சாரையாக வந்து அதை மொய்த்தன. அம்மா வீடு முழுக்கத் தேடி ஒன்றுகூட அகப்படாத எறும்பு, அங்கே அத்தனை இருந்தது. அன்றைக்கு நான் கத்தின கத்தலில் என்னை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் காற்று இருக்கிறது என்று முடிவாகிவிட்டது. காலி செய்தோம். பிறகு அங்கே வந்த குடும்பங்களும் கதையைக் கேட்டுக் கேட்டு நிலைக்காமல் போயின. வீடு பூட்டியே கிடந்தது, வெள்ளைப் பாவாடை வந்து சேர்ந்தது, நீங்கள் பந்தை அங்கே விட்டுவிட்டு ஓடிவர ஆரம்பித்தீர்கள். நீங்கள் பயந்து ஓடின அந்த வீட்டுக்கு நான் ஆசையாகப் போனேன், தெரியுமா? யாரும் இல்லாத மத்தியானங்களில் ஜாளியின் கட்டங்களில் விரலைக் கோத்துக்கொண்டு, காதை வைத்துக் கேட்டேன். கொலுசு கேட்காதா என்று நின்றேன். வாதாமர இலை விழுகிற சத்தம்தான். பேய் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்த வீட்டில் பேய் இல்லை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன்.

பால் அவளுக்கு ஆகாது என்று சின்ன வயசில் நம்பினேனே தவிர, பால் ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்கள் காற்று என்றால் காற்றுதான் என்று நானும் இருந்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பண்டிகை நாள். பாப்பாவுக்குப் பேச்சு வந்த புதுசு. அதற்கு முன்பும் அவளுக்கு அவ்வப்போது தடிப்பு வரும், வேர்க்குரு என்று பவுடர் போட்டு விட்டுவிடுவோம். அன்றைக்கு யாரோ ஆசையாக ஒரு வாய் பால்கோவா ஊட்டிவிட்டார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாப்பா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"தாத்தா, வாய்க்குள்ள எறும்பு ஊருது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குழந்தையை வாரிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினேன். ஆட்டோ ஒன்று குறுக்கே வந்தது என் அப்பன் புண்ணியம். ஊசி போட்டு மூச்சு திரும்பின பிறகு டாக்டர், "எப்படி சார் அவ்ளோ சீக்கிரம் தெரிஞ்சுது? கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்" என்றார். பால் உடம்புக்கு விஷமாகிற குழந்தைகள் உண்டு என்று விளக்கினார். அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தங்கச்சியின் தடிப்பு, இழுப்பு, அந்தக் கோடையில் தேறின கன்னம், கடைசி டம்ளர் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன். பேத்திக்காக அழுகிறேன் என்று மகள் என்னைத் தேற்றினாள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? உன் மகளைக் காற்று கொல்லவில்லை, வீடு கொல்லவில்லை, உன் கை கொடுத்த பால் கொன்றது என்று எண்பது வயசுக்காரியிடம் சொல்கிற வாய் ஒரு வாயா? அம்மா படையலுக்கு டம்ளரை வைத்துத் தட்டைக் கவிழ்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். செத்தும் அந்தப் பிள்ளைக்கு அதே பாலா என்று நெஞ்சு அறுக்கும். வாயைத் திறக்க மாட்டேன்.

குடிபோகிற வாரம் முழுக்கக் கள்ளிக்குப்பத்து வீட்டில் ஒத்திகை. முட்டைக்குப் பதில் ஆளி விதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தால் வழவழவென்று வெள்ளைக்கரு மாதிரி ஆகிவிடுகிறது. பாலுக்குத் தேங்காய்ப்பால், அதில் நாலு சொட்டு எலுமிச்சை. கோதுமை மாவு, கொஞ்சம் மைதா, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் எண்ணெய். முதல் வாஃபிள் மெஷினோடு ஒட்டிக்கொண்டது. மூடியைத் திறந்தால் பாதி மேலே, பாதி கீழே. லேத்தில் நூலிழை பிசகாத கை என்று பீற்றிக்கொண்டது எல்லாம் போச்சு. ஆவி அடங்குகிற வரை திறக்கக் கூடாது என்பது நாலைந்து வீணான பிறகுதான் புத்திக்கு ஏறியது. முழுசாக வந்த முதல் வாஃபிளைத் தட்டில் வைத்தேன். அம்மா அடுக்களையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா இது, ஜாளி மாரி கீது."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா ஒரு விரலை எடுத்து அதன் கட்டத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல பாலு இல்லியா?"

"இல்லம்மா."

"முட்ட?"

"அதுவும் இல்ல."

"நெய்யாவது ஊத்தினியா?"

"ஒண்ணுமே இல்லம்மா. தேங்காப்பாலும் தேங்கா எண்ணெயும்தான்."

ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றாள். "நல்லாதான் கீது" என்றாள். இன்னொரு துண்டைப் பிய்த்துக்கொண்டே, "அப்பல்லாம் நமுக்கு இது தெரியாம பூட்ச்சே" என்றாள். பலகாரத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை திருமழிசை. நாலாவது மாடி. புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்ததும் நான் போய் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். படையலைக் கள்ளிக்குப்பத்திலேயே முதல் நாள் முடித்துவிடலாம் என்றேன், அம்மா கேட்கவில்லை. "அவளும் புது ஊட்டுக்கு வரட்டும்" என்று டம்ளரையும் தட்டையும் முந்தானையில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள். மதுரையிலிருந்து வந்த சம்பந்தியம்மா கையில் ஒரு பால் பாக்கெட்.

"பால் காய்ச்சாம யாராச்சும் குடி போவாகளா சம்பந்தி? பாப்பா பக்கமே கொண்டுவர மாட்டேன். வெளிய வராண்டாவுல வச்சு ஒரு கொதி விட்டுட்டு ஊத்திருவேன்" என்றார்.

மகள் முகம் சுண்டிவிட்டது. சம்பந்தியம்மா கெட்டவர் இல்லை. பேத்தி மேல் உயிர். ஆனாலும் பால் பொங்காத வீடு அவருக்கு வீடே இல்லை. கடைசியில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சுவது என்று சமாதானம் ஆயிற்று. தேங்காய்ப்பால் எங்கே பொங்கும், கொதித்தால் திரிந்துதான் போகும். அது அடுப்பில் சும்மா முணுமுணுத்துக்கொண்டு கிடக்க, சம்பந்தியம்மா முகம் தொங்கிப்போனது. அந்தப் பதற்றத்தில் நான் மெஷினில் மாவை ஒரு கரண்டி அதிகமாக ஊற்றி மூடிவிட்டேன். புஸ்ஸென்று எழும்பி விளிம்பெல்லாம் வழிந்தது.

"ஆத்தி! பொங்கிருச்சு, கிழக்குப் பக்கமாத்தான் வழியுது!" என்று கைதட்டிவிட்டார் சம்பந்தியம்மா. எல்லோரும் சிரித்துவிட்டோம். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கூடத்தில் இலை போட்டோம். கிளிப்பச்சைப் பட்டுப் பாவாடை, மல்லிகைச் சரம், வளையல். இலையில் மாம்பழத் துண்டு, கருப்பட்டிப் பாகு, முதலில் வெந்த வாஃபிள். பக்கத்தில் டம்ளரை வைத்து அம்மா தட்டைக் கவிழ்த்தாள். நான் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினேன். பாக்கெட்டை இன்னும் கீழே வைக்காத சம்பந்தியம்மா, "இது சாமிக்குத்தான? டம்ளர்ல பால் இருக்கா, நான் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டுக்கொண்டே தட்டை எடுத்தார்.

"என்னம்மா, வெறும் டம்ளரா இருக்கு?"

நான் திரும்பினேன். அம்மா டம்ளர் வாயைத் தன் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா" என்றாள். "எம்பொண்ணுக்குப் பாலு ஒத்துக்காது."

நான் அம்மா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தினி நாளாம்மா காலி டம்ளர் வெக்கிறே?"

"பாப்பா எறும்புன்னு சொல்லிச்சே, அன்னிலர்ந்து. பக்கத்துலதானேடா குந்திகினு இருந்தேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருவர் மனசு நோகக்கூடாது என்று ஒருவர், இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். அம்மா அழவில்லை. என் சட்டைக்கு மேலே முதுகில் கையை வைத்துத் தடவினாள்.

"அவளுக்கோசரம்தானே குட்ச்சே. திருடன்னு அட்ச்சேனேடா. எங்க, இங்கியா?"

"கொஞ்சம் கீழம்மா" என்றேன். தழும்பு எப்போதோ மறைந்திருக்கும். அம்மா கொஞ்சம் கீழே தடவினாள். அறுபது தாண்டின ஆம்பளை சம்பந்தி வீட்டார் முன்னால் விக்கி விக்கி அழுதேன், எனக்கு வெட்கமாகவே இல்லை.

அடுப்பில் மீந்த தேங்காய்ப்பாலை அம்மா தன் கையால் அந்த டம்ளரில் ஊற்றினாள். கற்பூரம் காட்டினாள். பிறகு பாப்பாவைக் கூப்பிட்டாள். பாப்பா இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, கையை நீட்டப்போய், பழக்கத்தில் இழுத்துக்கொண்டு, எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"ஒங்க தாத்தா தங்கச்சிது. அவ பங்கு" என்றாள் அம்மா. "நீ துன்னு கண்ணு."

பாப்பா இலையிலிருந்து வாஃபிளை இரண்டு கையாலும் எடுத்துக் கடித்தாள். டம்ளரைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் ஐயோ என்று கத்தவில்லை.